கடல் காணாத நாட்டில் படகு வாங்குதல்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் கடற்கரை இல்லாதவை நான்கு. அவற்றுள் ஒன்று ஊவா. ஆகவே, படகு விற்கும் முகவரைத் தெரிந்தெடுப்பது பற்றி ஊவா நேயர்களுக்கு ஒரு பேச்சு எதற்கு என்று சிலர் முறுவலிக்கக்கூடும்.

முறுவலிப்போர் பதுளையிலிருந்து வடக்கே இறங்கி மகியங்கனைக்குச் சென்று பார்க்கட்டும். அங்கே பழமையான சொரபொர வாவி இருக்கிறது. மகாவலித் திட்டத்தின் பயனாய் எழுந்த உல்கிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. தெற்கே வெல்லவாயப் பக்கத்தில் ஹந்தபானாகல வாவி. மொனராகலை மாவட்டத்தின் எல்லையிலே உடவளவை. 2024ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தினால் வெலிமடைப் பக்கத்து மலைகளுக்கிடையிலும் நீர் தேங்கி நிற்கிறது. இவற்றுட் பலவற்றில் திலாப்பியா என்னும் மீன் பெருகியிருக்கிறது. 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் இன்று உள்நாட்டு மீன்பிடித் தொழிலின் முதுகெலும்பாய் விளங்குகிறது. அதைப் பிடிப்பவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் கண்ணாடி இழையாற் செய்த, பக்கமிதவை பூட்டிய சிறு தோணி. இருவர் ஏறித் துடுப்பினாலே வலித்துச் செல்வர்.

ஆக, ஊவாவிலே படகு உண்டு. படகு வாங்குவோரும் உண்டு. ஆனால் படகு கட்டும் பட்டறைகளும் இயந்திரம் விற்கும் முகவர்களும் பெரும்பாலும் கரையோரத்திலேயே இருக்கின்றனர். இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. நீர்கொழும்பிலோ வாழைச்சேனையிலோ ஒருவருடைய படகில் வெடிப்புக் கண்டால், பழுது பார்ப்பவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். அவர் இல்லாவிட்டால் அயலவர் ஒருவர் கைகொடுப்பார். மகியங்கனை வாவிக்கரையில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. படகை விற்ற மனிதர் பணத்தை எண்ணி வாங்கிய பிறகும் தம்மை நினைவில் வைத்திருப்பாரா என்பதிலேயே அவருடைய தொழில் தங்கியிருக்கிறது. கரையோரத்தில் வாங்குபவர் படகைத் தெரிந்தெடுத்தாற் போதும். மலைநாட்டில் வாங்குபவர் முகவரையே முதலில் தெரிந்தெடுக்க வேண்டும்.

தோட்டத்து நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தேயிலைத் தொழிற்சாலையில் உருளை யந்திரம் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். காலையிலே பறித்து வாட வைத்த கொழுந்து, கொழும்பிலிருந்து பொறியாளர் வந்து சேரும் வரை காத்திருக்காது. இவ்வுண்மையை மலைநாட்டிற் கடை விரித்த யந்திர வியாபாரிகள் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். கோப்பிக் காலத்திலே, 1854ஆம் ஆண்டில், வோக்கர் என்பார் தம் பட்டறையைக் கண்டியில் தொடங்கினார். பிரவுண் கம்பனியார் 1875ஆம் ஆண்டில் தொடங்கியது அற்றனில். துறைமுகம் கொழும்பிலே இருக்க, இவர்கள் மலையேறி வந்தது குளிர்காற்று வாங்குவதற்கன்று. யந்திரத்தை விற்றவன் அதன் அருகிலே இருந்தால்தான் அடுத்த யந்திரமும் விலைபோகும் என்பதை அறிந்தே வந்தனர். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு முன்பு ஒரு பற்சக்கரம் உடைந்தால் மாட்டுவண்டி கொண்டுவரும் வரை நாள்களை எண்ணிக்கொண்டிருந்த துரைமார் இதனை நன்றாக அறிந்திருப்பர்.

இனிப் படகுக்கு வருவோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்த தாயார் ஒருவர் ஓய்வு பெற்றுத் தம் சேமலாப நிதியைக் கைக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் மகியங்கனையில் மணம் முடித்து, அங்குள்ள மீனவர் சங்கத்தில் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு படகு வாங்கிக் கொடுக்க வேண்டும். தாயும் மகனும் முகவருடைய கடைக்குள் நுழைகின்றனர். முகவர் அவர்களை என்ன கேட்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கையிலே காசா, அல்லது தவணையா என்பதே அவருடைய முதற்கேள்வியாக இருந்தால், சற்று எச்சரிக்கையோடு இருப்பது நல்லது. எந்த நீர்நிலை, வரட்சியில் நீர் எவ்வளவு இறங்கும், அடியிலே பட்டமரக் கட்டைகள் நிற்கின்றனவா, எத்தனை பேர் ஏறுவர், வலையின் பாரம் என்ன, இரவிலே படகை எங்கே ஏற்றி வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பவரே தொழிலறிந்தவர். நீர்த்தேக்கங்களின் அடியிலே பழைய காட்டு மரங்கள் இன்னும் நிற்பதுண்டு. கடலுக்கென்றே படகு விற்றுப் பழகியவருக்கு இது தோன்றாமற் போகலாம்.

அவர் நேர்மையானவரா என்பதை அறிய மற்றுமொரு வழி உண்டு. வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றும் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். உங்களுடைய வாவிக்குத் துடுப்பே போதும் என்று சொல்லக்கூடிய முகவர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள். சிறு வாவியில் வலை விரிப்பவருக்கு இயந்திரம் பெரும்பாலும் வீண்செலவு. அன்றியும், ஒரு நீர்நிலையில் இயந்திரப் படகை அனுமதிப்பதும் விடுவதும் அந்நீர்நிலையைக் காப்போரின் பொறுப்பு. 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரையும், அணைக்குப் பொறுப்பான அதிகாரிகளையும் கேட்டறிந்த பின்னரே இயந்திரத்தைப் பற்றி நினைக்க வேண்டும். இதனைத் தாமே முன்வந்து கூறும் முகவர் ஒரு விற்பனையை இழக்கிறார். ஒரு வாடிக்கையாளரைப் பெறுகிறார்.

இயந்திரம் வேண்டியதே என்று முடிவானால், மலைநாட்டுக்கே உரிய ஒரு கேள்வி எழுகிறது. கடல்மட்டத்திலே முழு வலுவோடு ஓடும் இயந்திரம் உயரம் ஏற ஏறச் சோர்வடையும். காற்று மெலிவதே காரணம். ஓராயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு வலு குறையும் என்பது பொதுக் கணக்கு. நுவரெலியாவில் 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிறகரி வாவி ஆறாயிரம் அடிக்கு மேல் உள்ளது. அங்கே 15 குதிரைவலு இயந்திரம் ஏறக்குறைய 12 குதிரைவலுவே தரும். மகியங்கனை தாழ்நிலம், அங்கு இந்தக் கவலை இல்லை. வெலிமடை மலைகளுக்கிடையில் ஓட்டப்போகிறவர் இதனை முகவரிடம் சொல்லி, உயரத்துக்கு ஏற்ற சுழல்விசிறியைப் பூட்டித் தரும்படி கேட்க வேண்டும். கேட்டதும் முகவர் விழித்தால், அவர் கடற்கரைக்கு மட்டுமே முகவர் என்பது விளங்கிவிடும்.

எரிபொருளும் அவர் எச்சரிக்க வேண்டிய விடயமே. நம் நாட்டு மீனவர் பலர் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களையே விரும்பி வாங்கி வந்தனர். மலிவு என்பதே காரணம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியது. அடுப்புக்கும் விளக்குக்கும் அதனை நம்பியிருந்த லயத்து வீடுகளும், கரையிலே ஏற்றிய படகுகளும் ஒருங்கே அந்த அடியைத் தாங்கின. அவ்வாண்டிலே டொலர் இல்லாமையால் உதிரிப்பாகங்களும் அரிதாயின. இயந்திரம் வாங்கியவருக்கு அந்நாள்களில் உதவியது பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயரன்று. அலமாரியில் இருந்த உதிரிப்பாகமே.

ஆதலின், முகவருடைய கடைக்குச் செல்வோர் முன்னறையில் மின்னும் புதிய இயந்திரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்னறையையும் காட்டும்படி கேட்க வேண்டும். நீரை உள்ளிழுக்கும் பம்பியின் றப்பர்ச் சக்கரம், சுழல்விசிறியின் ஊசி, பிளக்கு, எரிபொருள் வடி, கியர் எண்ணெய் முதலியவை அடிக்கடி தேய்ந்து போவன. இவை கடையிலே கைவசம் இருக்கின்றனவா, அல்லது கேட்ட பிறகு கொழும்பிலிருந்து தருவிக்கப்படுமா? புதிய இயந்திரத்தை முதல் இருபது மணி நேரம் ஓடிய பின் சோதித்துச் செப்பஞ் செய்வது வழக்கம். அதனைச் செய்பவர் யார்? எங்கே செய்வார்? முகவருடைய ஆள் வாவிக்கு வருவாரா, அல்லது நாம் இயந்திரத்தைத் தோளிலே சுமந்து பஸ் ஏற வேண்டுமா? சிறிய இயந்திரமே முப்பது, நாற்பது கிலோ நிறையுடையது என்பதை நினைத்துக்கொண்டு இக்கேள்வியைக் கேட்பது நன்று.

பெயரையே நம்பி வாங்குவோருக்கு எவின்ரூட் என்னும் இயந்திரத்தின் வரலாறு தக்க பாடம். ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட அந்த இயந்திரம் நூறாண்டுக்கு மேல் உலக நீர்நிலைகளில் ஓடியது. வெளியிணைப்பு இயந்திரம் என்றாலே அப்பெயரை நினைத்தவர் பலர். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போதைய உரிமையாளரான கனேடியக் கம்பனி அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உதிரிப்பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும், உத்தரவாதமும் காக்கப்படும் என்று அக்கம்பனி அறிவித்தது உண்மையே. ஆனால் அவ்வறிவிப்பு ஒரு வாவிக்கரையை வந்தடைவது அவ்வூருக்கு அண்மையிலுள்ள முகவர் வழியாக மட்டுமே அன்றோ?

எந்த ஊர் முகவரிடம் செல்வது? ஊவாவிலுள்ளோர் பொதுவாகக் கொழும்பை நினைத்து மேற்கே திரும்புவர். தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது பயன்தரும். பேராதனையிலிருந்து பதுளைக்கு வரும் பெருந்தெரு பதுளையோடு முடிவதில்லை. பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாக அது மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள செங்கலடிக்குச் சென்று முடிகிறது. கீழைக் கரையிலோ நெடுங்காலப் படகுத் தொழில் உண்டு. வாழைச்சேனையிலே மீன்பிடித் துறைமுகமும் உண்டு. அங்கே கடையிற் பேசும் மொழியும் தமிழ். இது சிறிய விடயமன்று. இதைப் பற்றிப் பிறகு கூறுவேன்.

படகைப் பார்வையிடும் முறையில் நம்மவர் வெட்கப்படத் தேவையில்லை. சந்தையிலே சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கும் பெண்மணிக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும். கண்ணாடி இழைப் படகின் உடலை ஒரு நாணயத்தால் இடந்தோறும் தட்ட வேண்டும். உட்படலங்கள் நன்றாக ஒட்டியிருந்தால் ஒலி தெளிவாக இருக்கும். ஒட்டாத இடத்தில் மந்தமாகக் கேட்கும். மேற்பூச்சிலே மயிரிழை வெடிப்புகள், உட்புறத்தில் பிசின் படாமல் வெண்மையாக நிற்கும் இழைகள், கையிலே ஒட்டும் பசை ஆகியன அவசர வேலையின் அடையாளங்கள். படகு நீரால் நிரம்பினாலும் மூழ்காதபடி மிதவை அறைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். நல்ல முகவர் நாம் தட்டிப் பார்ப்பதைக் கண்டு முகஞ்சுளிக்க மாட்டார்; நாணயத்தைத் தாமே எடுத்துக் கொடுப்பார்.

தேருக்கும் தோணிக்கும் வெள்ளோட்டம் விடுவது நம் முன்னோர் வழக்கம். படகை நீரில் இறக்கி, வேண்டிய பாரத்தை ஏற்றி, அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அவ்வெள்ளோட்டம் விற்பவரின் கடற்கரையில் அன்றி, வாங்குபவரின் வாவியில் நடந்தால் இன்னும் நன்று. ஏனெனில், இடையிலே மலைப்பாதை ஒன்று இருக்கிறது. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையிலே லொறியில் ஒரு படகு வந்து சேர்வதை எண்ணிப் பாருங்கள். கயிறு அழுத்திய இடத்தில் வெடிக்கலாம், மரக்கிளை உரசலாம். வழியிலே நேர்ந்த சேதம் யாரைச் சாரும்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, உடைமை எவருக்கோ நட்டமும் அவருக்கே என்று விதிக்கிறது. கடையிலேயே பணம் முழுவதையும் செலுத்திப் படகைப் பொறுப்பேற்றுக்கொண்டால், மலைப்பாதையின் ஆபத்தும் நம்முடைய தலையிலே ஏறிவிடக்கூடும். வாவிக்கரையில் ஒப்படைப்பதே ஒப்படைப்பு, அதுவரை சேதம் விற்பவருடையது என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் இந்த வழக்கு எழாது. எழுதித் தருகிறாரா என்பதே முகவரின் குணத்தைக் காட்டிவிடும்.

அதே சட்டத்தில் வாங்குபவருக்கு உதவும் ஏற்பாடும் உண்டு. இன்ன பயனுக்கென்று சொல்லி, விற்பவருடைய தொழிலறிவை நம்பி ஒரு பொருளை வாங்கினால், அது அப்பயனுக்கு ஏற்றதாய் இருக்க வேண்டும். ஆகவே, உல்கிட்டிய நீர்த்தேக்கத்தில் இருவர் வலை விரிப்பதற்கு என்று விலைச்சிட்டையிலேயே எழுதச் சொல்வது வீண்வேலையன்று.

எத்தனை பேர் ஏறலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியிலே மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலைநாட்டவருட் பலருக்கு நீந்தத் தெரியாது. உயிர்காப்பு அங்கியைப் படகோடு சேர்த்து விற்காத முகவரிடம் படகையும் வாங்க வேண்டாம் என்பதே என்னுடைய கருத்து. விலையைக் குறைக்கும்படி கேட்டதும் அங்கியைக் கழித்துவிடுபவர் இன்னும் மோசமானவர்.

இனி, முன்னே குறிப்பிட்ட மொழி விடயம். உத்தரவாதப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு வருகிறது. தவணை ஒப்பந்தங்களும் அவ்வாறே. தோட்டத்திலே மூன்று சில்லு வண்டியையோ தையல் யந்திரத்தையோ தவணைக்கு எடுத்தவர்கள், தாம் என்ன எழுத்தின் கீழே கையொப்பமிட்டோம் என்பதை வண்டியைப் பறிக்க ஆள் வந்த பிறகே அறிந்துகொள்வது புதிதன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. கடைக்காரருடைய பத்திரத்தை அது தமிழாக்கிவிடாது. ஆகவே கேட்பது நம்முடைய கடமை. எவை பழுதானால் இலவசமாய்த் திருத்தப்படும், எவை திருத்தப்படமாட்டா, எத்தனை மாதம், எவ்விடத்தில், போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற ஐந்துக்கும் விடையைத் தமிழிலே ஒரு தாளில் எழுதி, கடை முத்திரையிட்டுத் தரும்படி கேட்கலாம். தருபவர்கள் இருக்கிறார்கள். தவணைக்கு வாங்கினால், படகு முழுத்தவணையும் முடியும் வரை நிதிக் கம்பனியின் உடைமை என்பதையும், பிணை நிற்கும் மாமனோ மைத்துனனோ முழுக்கடனுக்கும் பொறுப்பாளி என்பதையும் வாய்விட்டுச் சொல்லும் முகவர் மதிப்புக்குரியவர். மறைப்பவர் விற்பனைத் தரகு பெறுகிறார் என்று கொள்க.

அவரிடம் முன்பு வாங்கியவர்களைத் தேடிச் சென்று விசாரிப்பதே எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. முகவர் தாமாகக் காட்டும் இருவரை மட்டும் கேட்டாற் போதாது. வாவிக்கரையிலே கவிழ்த்துப் போட்டிருக்கும் படகுகளில் அவருடைய பட்டறைப் பெயர் எதிலே இருக்கிறதோ, அதன் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். படகு எப்படி என்று கேட்காமல், பழுதானபோது என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். தொலைபேசியை எடுத்தாரா? வருவேன் என்ற நாளில் வந்தாரா? மீனவர் சங்கங்கள் ஐந்தாறு படகுகளை ஒன்றாக வாங்கினால் முகவரின் மரியாதை தானே உயரும். பத்துப் படகு வாங்கிய சங்கத்துக்காக மாதத்துக்கு ஒருநாள் ஆள் அனுப்ப அவர் உடன்படுவார். தனி ஒருவருக்காக மலையேறுவது அவருக்குக் கட்டுபடியாகாது. இதில் அவரைக் குறைகூறுவதற்கும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றம் நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அவர்களை விசாரிக்கலாம். முறைப்பாடு எழுத்திலே இருக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. படகின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும் அப்பற்றுச்சீட்டிலே பொறிக்கப்பட்டிருக்கட்டும். மீன்பிடிப் படகைப் பதிவு செய்யும்போதும் அவை தேவைப்படும்.

முறைப்பாட்டுக்கு ஒரு கால எல்லை உண்டு. பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது அதிகார சபைக்குச் சேர வேண்டும். உத்தரவாதம் ஓராண்டு என்று எழுதியிருந்தாலும் இந்த எல்லை மாறாது. மகியங்கனை வாவிகள் ஆடி, ஆவணி வரட்சியிலே வற்றி, ஐப்பசிக்குப் பிறகு பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் நிரம்புவன. விலை குறைவு என்று ஆடியிலே படகை வாங்கி, நீர் ஏறட்டும் என்று மரநிழலிற் கவிழ்த்து வைத்து, கார்த்திகையில் முதன்முதலாய் இறக்கிப் பார்ப்பவருக்கு, அடியிலே நீர் கசிவது தெரியும் நாளில் அந்த மூன்று மாதமும் கழிந்திருக்கும்.